முதலாவது பார்ட்டியும் அவருடைய வாரிசுகளும்

வேலுத்தாய்க்குக் கோபம் வந்தால் குரங்கணி ஸ்டாண்டில் நிற்கிற ஜீப்பு தானாக ஸ்டார்ட் ஆகிவிடும் என்று டிரைவர்கள் கேலி பேசுவார்கள். அவ்வளவெல்லாம் இல்லை. ஆனால் அன்றைக்குப் போடியில், பத்திர ஆபீசுக்கு எதிரே இருக்கும் ராக்கையாவின் கடையில் அவள் போட்ட சத்தத்துக்கு, பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தது உண்மை.

"இன்னொருக்கா வாசிங்க" என்றாள்.

ராக்கையா முப்பது வருசமாகப் பத்திரம் எழுதுகிறவர். எத்தனையோ பேருடைய சத்தத்தைக் கேட்டவர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாக வாசித்தார். "இதில் முதலாவது பார்ட்டி என்னும் சொல், சிலமலை காலஞ்சென்ற பேச்சிமுத்து மனைவி வேலுத்தாய் அவர்களையும், அவருடைய வாரிசுகள், பின்வாரிசுகள், சட்டப்படியான பிரதிநிதிகள், உரிமை மாற்றம் பெற்றவர்கள் ஆகிய எல்லோரையும் குறிக்கும்."

"யாருய்யா இவங்கள்லாம்? எங்க இருக்காங்க? என் வீட்டுல நான் ஒருத்தி. ஒரு சட்டி சோறு பொங்குனா ரெண்டு நாளைக்குக் கிடக்கு. இத்தனை பேரு இருந்தா பத்தாமல்ல போயிருக்கணும்!"

ஜெராக்ஸ்காரர் சிரித்துவிட்டார். ராக்கையா சிரிக்கவில்லை. "இது வழக்கமான வாசகம் தாயி. எல்லாப் பத்திரத்துலயும் வரும்" என்றார்.

"எல்லாரும் பொய் சொன்னா நானும் சொல்லணுமா? வேலுத்தாய் ஒருத்தி மட்டும்தான்னு போடுங்க."

அவள் இந்தப் பத்திரத்துக்கு ஏன் வந்தாள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். குரங்கணிக்கு மேலே, ஜீப்பு போகிற கடைசி வளைவிலிருந்து முக்கால் மணி நேரம் நடந்தால் அவளுடைய காடு. இரண்டரை ஏக்கர் ஏலம், ஓரத்தில் கொஞ்சம் காப்பி, நடுவில் தகரக் கூரை போட்ட வீடு. புருசன் பேச்சிமுத்து இருந்தவரை இரண்டு பேருமாகச் சமாளித்தார்கள். அவர் போய் ஒன்பது வருசம் ஆகிறது. பிள்ளை இல்லை. அக்கம்பக்கத்துக் காட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக வீட்டைப் பூட்டிவிட்டுப் போடிக்குக் குடியேறிவிட்டார்கள். காய் எடுக்கிற பருவத்தில் மட்டும் தலைகாட்டுவார்கள். மற்ற நாளெல்லாம் அந்தச் சரிவில் அடுப்புப் புகை தெரிகிற ஒரே வீடு அவளுடையதுதான்.

போன ஆடி மழையில் செடிகளுக்கு நடுவே வழுக்கி விழுந்தாள். கணுக்கால் பிசகிவிட்டது. போன் வீட்டில் அடுப்பு மேட்டில் கிடந்தது. காலையில் விழுந்தவள் மறுநாள் மத்தியானம் வரை அங்கேயே கிடந்தாள். கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனது. அட்டை கடித்தது கூட அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஒரு மனுசக் குரல் கேட்கவில்லையே என்பதுதான் பயமாக இருந்தது. காட்டு மாடு கனைத்த சத்தத்துக்கு "யாரது?" என்று ஆசையாகக் கேட்டாளாம், பாவம். ஜீப்பு டிரைவர் சீனிச்சாமி ரேசன் அரிசியைக் கொடுக்க மேலே ஏறி வரவில்லை என்றால் அவள் கதை அன்றைக்கே முடிந்திருக்கும்.

கால் தேறியதும் காட்டைக் குத்தகைக்கு விடுவது என்று முடிவு செய்தாள். பணத்துக்காக இல்லை, சத்தியமாக இல்லை. குத்தகைக்கு எடுக்கிறவன் தினமும் ஆள் அனுப்புவான். ஆள் வந்தால் பேச்சு வரும், சிரிப்பு வரும், சண்டை கூட வரும். யாராவது வாசலில் நின்று "தண்ணி குடு ஆத்தா" என்பார்கள். விழுந்தால் தூக்கிவிட ஒரு கை இருக்கும். தன் காலம் முடியும்வரை அந்த வீட்டில் இருந்துகொள்ளலாம் என்று எழுதித் தந்தால் அவளுக்குப் போதும்.

போடியில் ஏலக்காய் வாங்கி வெளியூருக்கு அனுப்புகிற ஒரு கம்பெனி கேட்டு வந்தது. கம்பெனி எங்கே வந்தது, அதன் சூப்பர்வைசர் ஈஸ்வர்தான் மூச்சு வாங்க ஏறி வந்தான். முதல் தடவை மண்ணைப் பார்த்தான். இரண்டாவது தடவை நாடா பிடித்து அளந்தான். மூன்றாவது தடவை அவள் வைத்த கருவாட்டுக் குழம்பை இரண்டு தரம் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, "ஆத்தா, இதுக்காகவே நான் தினமும் வர்றேன்" என்றான். வேலுத்தாய்க்கு அந்தப் பேச்சே பத்திரம். மலையில் அப்படித்தான் பழக்கம். ஆளைப் பார்த்துப் பேசுவார்கள். பேசின ஆள்தான் எதிர்த்தரப்பு, அவன் முகம்தான் கையெழுத்து. ஈஸ்வருக்குக் காட்டைக் கொடுத்துவிட்டதாகவே அவள் சந்தோசமாக இறங்கி வந்திருந்தாள்.

ஆகவே ராக்கையா அடுத்த பத்தியை வாசித்தபோது அவளுக்கு இன்னொரு அடி. "இரண்டாவது பார்ட்டி என்னும் சொல், மேற்படி கம்பெனியையும், அதன் இயக்குநர்கள், அதற்குப் பின்வருவோர், அதனோடு இணைவோர், அதன் உரிமையை வாங்குவோர், அது நியமிக்கும் முகவர்கள் ஆகிய எல்லோரையும் குறிக்கும்."

"ஈஸ்வரு பேரு எங்க?"

"கடைசிப் பக்கத்துல வரும். கம்பெனிக்காகக் கையெழுத்துப் போடுறவர்னு."

"நான் பேசுனது இவன்கூட. இவன்தான் ரெண்டாவது பார்ட்டி."

பக்கத்து நாற்காலியில் இருந்த ஈஸ்வர் நெளிந்தான். "ஆத்தா, நான் சம்பளத்துக்கு இருக்கிறவன். நாளைக்கே என்னையக் கம்பத்துக்கு மாத்துனாலும் மாத்துவாங்க. வேற ஆளு வருவாரு. பத்திரம் அப்படியே இருக்கும்."

"கம்பெனியவே வித்துட்டா?"

"வாங்குனவங்க ரெண்டாவது பார்ட்டி ஆயிருவாங்க."

அடேயப்பா என்று வேலுத்தாய் வாயைப் பிளந்தாள். அந்தப் பக்கம் ஒரு கூட்டமே நிற்கிறது. ஒருத்தன் போனால் அடுத்தவன், அவன் போனால் அதற்கடுத்தவன். சாவே கிடையாத பார்ட்டி. இந்தப் பக்கம் அவளும் அவளுடைய பிசகின காலும்.

"அப்ப என் பக்கம் உள்ளதை எழுதிருங்க. நான் ஒருத்திதான்."

"அது முடியாது ஆத்தா" என்றான் ஈஸ்வர். கண்ணைப் பார்க்காமல் பேசினான். "பத்து வருசக் குத்தகை. கம்பெனி புதுச் செடி வைக்கும், பைப்பு இறக்கும். நடுவுல உங்களுக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னு வைங்க. யாராச்சும் வந்து நான்தான் வாரிசு, வெளிய போன்னு நின்னா? அதனால வாரிசும் கூட நின்னு கையெழுத்துப் போடணும்னு வக்கீல் கறாராச் சொல்லிட்டாரு. இல்லேன்னா இந்தக் காடே வேண்டாம்னுட்டாரு."

"வாரிசுன்னா ரத்தச் சொந்தமாத்தான் இருக்கணும்னு இல்லை தாயி" என்று ராக்கையா இடையில் புகுந்தார். "உங்களுக்குப் பிரியப்பட்டவங்க பேருக்கு உயில் எழுதி வச்சு, அவங்களைக் கூட்டியாந்தாலும் சரிதான். யாரு பேரைப் போட?"

வேலுத்தாய் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். சீனிச்சாமியா? அவருக்கு அவருடைய குடும்பமே பெரிய சுமை. உயிரோடு இருந்த ஒரே தோழி போன வருசம் மகளோடு திருப்பூருக்குப் போய்விட்டாள். போனில் கூடப் பேச்சு நின்றுவிட்டது. கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. அறுபத்தொரு வயசில், இத்தனை ஜனம் நடமாடுகிற போடித் தெருவில் உட்கார்ந்துகொண்டு, ஒரே ஒரு பெயர் அவளால் சொல்ல முடியவில்லை. மூன்று ஆண்களும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு அவமானமாக இருந்தது.

ராக்கையாவே வழி சொன்னார். "உயில் இல்லேன்னா சட்டமே ஒரு ஆளைக் காட்டும். காடு உங்க வீட்டுக்காரர் வழியா வந்தது. பிள்ளை இல்லை. மாமனார் மாமியாரும் போயிட்டாங்க. அப்படின்னா அவர் கூடப் பிறந்த தம்பிதான். சிலமலையில திருப்பதின்னு இருக்காருல்ல? அவரும் அவர் மகனும் வந்து போட்டா வக்கீலுக்கும் திருப்தி. வர்ற வெள்ளிக்கிழமை பதிஞ்சிரலாம்."

அந்தப் பெயரைக் கேட்டதும் வேலுத்தாய் எழுந்து கடை வாசலுக்குப் போய்விட்டாள்.

ஒன்பது வருசத்துக்கு முன்னால் பேச்சிமுத்துவின் உடம்பை ஜீப்பில் சிலமலைக்குக் கொண்டுவந்தார்கள். பிள்ளை இல்லாதவருக்குத் தம்பி மகன்தான் கொள்ளி வைக்க வேண்டும். திருப்பதியின் மகன் அருண்பாண்டிக்கு அப்போது பதினாலு வயசு. ஒவ்வொரு முழுப்பரீட்சை லீவுக்கும் மலைக்கு ஓடி வந்து, பெரியப்பா பெரியப்பா என்று அவர் பின்னாலேயே திரிந்தவன். மொட்டை போட்டு, ஈர வேட்டி கட்டி, அழுது அழுது கண் வீங்கி, தோளில் கொள்ளிக்குடத்தோடு நின்றான். அப்போது பந்தலில் யாரோ ஒரு ஆள், யாரென்று இன்றுவரை தெரியாது, வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னான்: "கொள்ளி வைக்கிறவனுக்குத்தானப்பா காடு. வேற யாருக்கு?"

அது வேலுத்தாய் காதில் விழுந்தது. விழுந்ததும் அவளுக்குத் தலைக்கு ஏறிவிட்டது. பாடை தெருமுனையைத் தாண்டும்போது கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய், பையன் தோளில் இருந்த குடத்தைப் பிடுங்கினாள். "எம் புருசனுக்கு நானே வச்சுக்கிறேன். எங் காட்டுக்கு எவனும் ஆசைப்பட்டு மொட்டை போட வேண்டாம்" என்று ஊர் கேட்கக் கத்தினாள். பொம்பளை சுடுகாட்டுக்கு வரக்கூடாது என்று தடுத்தவர்களையும் மீறிப் போய்க் கொள்ளியும் வைத்தாள்.

பொண்டாட்டி கொள்ளி வைத்தால் என்ன குடிமுழுகிப் போய்விடும்? அதில் தப்பே இல்லை. அந்தப் பையனை மொட்டைத் தலையோடு நடுத்தெருவில் நிறுத்தினாளே, அதுதான் தப்பு. அவன் காட்டுக்காக வந்தவன் இல்லை, பெரியப்பனுக்காக வந்தவன். அது அவளுக்கு மலைக்குத் திரும்பும் வழியிலேயே புரிந்துவிட்டது. போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போகவில்லை. முதல் வருசம் ரோசம், அடுத்த வருசம் கூச்சம், அப்புறம் அதுவே பழகிவிட்டது. அவர்களும் காட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ஒரு செடியைக் கூட உரிமை கேட்கவில்லை.

புதன்கிழமை காலையில் தேவாரம் பஸ்சில் ஏறிச் சிலமலையில் இறங்கினாள். பஸ்சில் வரும்போது என்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் பத்துத் தடவை சொல்லிப் பார்த்திருந்தாள். "அன்னைக்கு நான் செஞ்சது தப்பு. பிள்ளையை நிக்க வச்சுட்டேன்." அவ்வளவுதான். இரண்டே வரி.

வாசலில் தக்காளிக் கூடைகளைக் கழுவிக்கொண்டிருந்த திருப்பதி நிமிர்ந்து பார்த்தார். அவர் மனைவி முனீஸ்வரி "வாங்க" என்றாள். முன்பெல்லாம் "வாங்கக்கா" என்பாள். ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கையில் கொடுக்காமல் பக்கத்தில் வைத்தாள். அருண்பாண்டி பைக்கில் வந்து இறங்கினான். நல்ல உயரம், பேச்சிமுத்துவின் அதே தோள். அவளைப் பார்த்ததும் வீட்டுக்குள் போய்விட்டான்.

வேலுத்தாய் தண்ணீரைக் குடித்தாள். பஸ்சில் சொல்லிப் பார்த்த இரண்டு வரியும் தொண்டை வரைக்கும் வந்தன. "இங்க மழை உண்டா?" என்று கேட்டாள். பாவி மனுசி, அதைத்தான் கேட்டாள்.

"பெய்யுது" என்றார் திருப்பதி.

பிறகு அவள் குத்தகை விசயத்தைச் சொன்னாள். பத்திரத்தில் வாரிசு என்று அப்பனும் மகனும் நிற்க வேண்டும் என்றாள். தான் விழுந்து கிடந்ததைச் சொல்லவில்லை. திருப்பதி கூடையைக் கவிழ்த்து வைத்தார்.

"வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு?"

"பதினொண்ணுக்கு."

"வர்றோம்."

அவ்வளவு லேசாக முடியும் என்று அவள் நினைக்கவே இல்லை. திரும்பி வரும்போது பஸ்சில் தெரியாத ஒரு பெண்ணிடம், "என் கொழுந்தன் வீட்டுக்குப் போயிட்டு வர்றேன், எம் மகன் நெடுநெடுன்னு வளர்ந்துட்டான்" என்று வலியப் போய்ச் சொன்னாள். மேலே போனதும் முதல் சோலியாக, மூட்டை முடிச்சு அடைத்துக் கிடந்த இரண்டாவது அறையைக் கூட்டினாள். பையன் வந்தால் தங்க இடம் வேண்டாமா? கட்டிலுக்குக் கீழே செத்துக் கிடந்த எலியை எடுத்து எறிந்துவிட்டுத் தரையைக் கழுவினாள். நான் ஒருத்திதான் என்று எழுதச் சொல்லிச் சண்டை போட்டவள், இப்போது அந்த வாசகத்தை அப்படியே தனக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். வேலுத்தாயையும், அவருடைய வாரிசுகளையும். நல்ல வாசகம்தான், எழுதினவன் புத்திசாலிதான் என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கே ராக்கையாவின் கடையில் இருந்தாள். இருப்பதில் நல்ல சேலை. மடியில் ஒரு பை. அதில் ஒரு சீப்பு மலைவாழைப்பழம், புதிதாக அரைத்த காப்பித்தூள். பதினோரு மணிக்குச் சரியாக அப்பனும் மகனும் வந்தார்கள். "வாங்க கொழுந்தனாரே, வாப்பா" என்று எழுந்து பையை நீட்டினாள்.

"அதெல்லாம் வேண்டாம்" என்றார் திருப்பதி. "வாங்கிட்டுப் போறதுக்கு வரலை."

ஈஸ்வர் நாற்காலிகளை இழுத்துப் போட்டான். ராக்கையா பத்திரத்தை வாசித்தார். "இதில் முதலாவது பார்ட்டி என்னும் சொல், வேலுத்தாய் அவர்களையும், அவருடைய வாரிசுகளாகிய திருப்பதி, மேற்படியாரின் மகன் அருண்பாண்டி ஆகியோரையும் சேர்த்துக் குறிக்கும்." மூன்று பெயரும் ஒரே மூச்சில் வந்ததும் வேலுத்தாய்க்குக் கண் கலங்கிவிட்டது. சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைப்பதுபோலக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

திருப்பதி கையை உயர்த்தினார். "ஒண்ணு கேக்கணும். இந்த வாரிசுங்கிறது எப்ப இருந்து செல்லும்?"

"அவங்க காலத்துக்குப் பிறகு" என்றார் ராக்கையா. "உசிரோட இருக்கிறவரைக்கும் அவங்கதான் பார்ட்டி. அவங்க போனப்புறம் அந்த இடத்துல நீங்க."

"அதுக்கு முன்னாடி எங்களுக்கு இவங்களோட ஒண்ணும் கிடையாதே? போக வர இருக்கணும், வச்சுப் பார்க்கணும், அப்படி எதுவும்?"

ராக்கையா வேலுத்தாயைப் பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார். "பத்திரத்துல அப்படி ஒண்ணும் இல்லை."

"அப்பச் சரி. கொண்டாங்க, போடுறோம்."

போட்டார்கள். திருப்பதி மெதுவாக எழுத்துக் கூட்டிப் போட்டார். அருண்பாண்டி ஒரே இழுப்பாக இழுத்தான். எதிரே பத்திர ஆபீசில் வரிசையாக உட்கார வைத்துப் படம் பிடித்தார்கள், ரேகை வாங்கினார்கள். கேமராவுக்கு முன்னால் தோளோடு தோள் உட்கார்ந்த அந்த ஒரு நிமிசத்தில், அருண்பாண்டியின் சட்டையில் தக்காளிச் செடி வாசம் அடித்தது. வேலுத்தாய் வேண்டுமென்றே கொஞ்சம் நகராமல் உட்கார்ந்திருந்தாள்.

வெளியே வந்ததும் அவள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டாள். "திருப்பதி, அன்னைக்கு நான்..."

"விடுங்க" என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவளுக்குத் தெம்பாக இருந்திருக்கும். "எங்க அண்ணனுக்குத்தான் செய்ய விடலை. உங்களுக்குச் செஞ்சிருவோம். நீர்மாலை எடுக்கிறதுல இருந்து பதினாறாம் நாள் வரைக்கும் ஒரு குறையும் இருக்காது. இவனே வந்து கொள்ளி வைப்பான். மொட்டையும் போடுவான். அதுக்குத்தான் கையெழுத்துப் போட்டோம். அதுவரைக்கும் எங்களைத் தேடி வராதீங்க."

அருண்பாண்டி அவளைத் தாண்டிப் போய் ஈஸ்வர் முன்னால் நின்றான். "அண்ணே, நீங்கதானே மேல போக வர இருப்பீங்க? என் நம்பரைப் போட்டுக்கங்க." பத்து எண்ணையும் சொன்னான். "இவங்களுக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆயிருச்சுன்னா வெரசா எனக்குச் சொல்லிருங்க. எந்நேரமா இருந்தாலும் வந்துருவேன்."

சொல்லிவிட்டுப் பைக்கை எடுத்தான். அப்பனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு தேவாரம் ரோட்டில் போய்விட்டான். பெரியம்மா என்று அவன் கூப்பிடவே இல்லை.

ஈஸ்வரும் அவளும் ஒரே ஜீப்பில் குரங்கணிக்குத் திரும்பினார்கள். திங்கட்கிழமையிலிருந்து ஆறு பேர் வேலைக்கு வருகிறார்கள், அவர்களில் இரண்டு பேர் பெண்கள், நல்லாப் பேசுவார்கள் என்று ஈஸ்வர் என்னென்னவோ சொல்லிக்கொண்டு வந்தான். பழப் பையை அவன் மடியில் வைத்து, "தின்னு" என்றாள். வளைவு ஏறி வண்டி திணறியபோது அவன் பக்கம் திரும்பினாள்.

"அப்பு, அந்த நம்பரை எனக்கு ஒருக்காச் சொல்லு."

"உங்களுக்கு எதுக்கு ஆத்தா? அது..." ஈஸ்வர் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"தெரியும்ப்பா. நான் செத்தாச் சொல்லுறதுக்கு. நான் கூப்பிட மாட்டேன். பிள்ளை நம்பரு என்கிட்ட இல்லை, அதான். சும்மா சொல்லு."

ஈஸ்வர் போனை எடுத்து ஒவ்வொரு எண்ணாகச் சொன்னான். அவள் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிக்கொண்டே வந்தாள்.